மண்டோருக்குப் போட்ட கட்டில்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டு வந்தவன் என்ன சொல்கிறான் என்பது அவர்கள் காதில் விழாது. தங்களுக்கு எது வேண்டுமோ அதுதான் விழும். எழுபத்தெட்டாம் வருஷத்தில் எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

என் பெயர் ரோசம்மா. மலேசியாவில், ஈப்போவில், ஜெலாப்பாங் போகிற ரோட்டை ஒட்டி ஒரு பலகை வீடு எனக்குச் சொந்தம். என் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. அவர் போன பிறகு முன்பக்கத்தை எனக்கு வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை ஒரு அறை, ஒரு சின்னக் கூடம், ஒரு அடுப்படி என்று பிரித்து வாடகைக்கு விட்டேன். நடுவில் அவர் இருந்தபோதே அடித்த வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் "ஆண்டவரே" என்பேன்.

குடியிருக்க வருகிறவர்களுக்கு மூன்று சட்டம் வைத்திருந்தேன். குடிக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆடு, கோழி, நாய், பூனை எதுவும் கூடாது. மூன்றாவது சட்டம் வந்தது முன்பு இருந்தவர் வளர்த்த வாத்துகளால். அந்த வாத்துகளைப் பற்றிப் பேசினால் இப்போதும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், அதனால் பேசவில்லை.

ஜெயபாலன் வீடு கேட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலில் பூசை முடிந்து திரும்பிய நேரம். ஒல்லியான பையன், பணிவான பேச்சு. காய்கறி லோரியில் கெலிண்டான் வேலை, அதாவது டிரைவருக்குத் துணையாகப் போய் மூட்டை ஏற்றி இறக்குவது. தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினால் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவானாம்.

"எத்தன பேரு?" என்று கேட்டேன்.

"நானு, பொஞ்சாதி, நாலு மாசப் பையன் ஒருத்தன். அப்புறம்…" கொஞ்சம் இழுத்தான். "அப்புறம் மண்டோரு."

"மண்டோரா? எந்தத் தோட்டத்து மண்டோரு?"

"தாப்பா பக்கம்க்கா. பொஞ்சாதியோட தோட்டம். அவளுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. கூடவே இருக்கு. புள்ள அழுதா மண்டோருதான் அவளக் கூப்புடணும். மண்டோரு இல்லாட்டி எங்க வீடு ஓடாதுக்கா."

"கூடவே இருக்கு" என்றானே, "இருக்காரு" என்று சொல்லவில்லையே என்று ஒரு கணம் உறுத்தியது. உறுத்தினால் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வயசானவர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் அது இது என்றுதான் பேசுகிறார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏனென்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. என் அப்பா மரியஜோசப் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியுமுன்னே பெரட்டு, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம். அதற்கு ஒரு நிமிஷம் பிந்தினால் மண்டோர், அதாவது ஆளை வேலை வாங்குகிற கங்காணி, எங்கள் லயத்து வீட்டுக் கதவைத் தடியால் இடிப்பார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் நிற்பார். அந்த மாதிரி ஒரு மண்டோர் இப்போது என் கூரைக்குக் கீழே, என் சட்டத்துக்கு அடங்கி இருக்கப்போகிறார்! மருமகன் வீட்டோடு வந்து தங்கும் மாமனாராக இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். அலெக்சாண்டரின் இரும்புக் கட்டிலைத் துடைத்துப் பின்கூடத்தில் போட்டேன். தலையணைக்குப் புது உறை. வெற்றிலை போடுகிறவராக இருப்பார் என்று ஒரு படிக்கம் கூட வைத்தேன்.

புதன்கிழமை லோரி வந்து நின்றது. நான் முகத்துக்குப் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பானை சட்டி இறங்கியது. தொட்டில் கட்டுகிற ஸ்பிரிங்கும் சாரோங் துணியும் இறங்கின. ஜெயபாலனின் மனைவி பாப்பா குழந்தையோடு இறங்கினாள். இருபது வயசு இருக்கும்; பேசுகிறவர்களின் வாயையே பார்க்கிற பெரிய கண்.

"மண்டோர் எங்கப்பா?" என்று கேட்டேன்.

லோரியின் பின்னால் இருந்து ஒரு பழுப்பு நாய் குதித்தது. என்னை ஒரு சுற்று மோந்து பார்த்தது. நேரே உள்ளே போனது. கட்டிலைப் பார்த்ததும் ஏறிப் படுத்துக்கொண்டது.

ஜெயபாலன் தலையைச் சொறிந்தான்.

"எங்கிட்ட பொய்யா சொன்ன?" என்று கத்தினேன்.

"சத்தியமா ஒரு பொய் இல்லக்கா. அதோட பேரே மண்டோருதான். காலையில பெரட்டுக்கு மணி அடிச்சா பாப்பாவுக்குக் கேக்காது. இதுதான் போயி எழுப்பும். அதப் பாத்து லயத்துல எல்லாரும் அப்படிக் கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. நாலு வீடு கேட்டேன்க்கா. நாயின்னு சொன்னதும் நாலு பேரும் கதவச் சாத்திட்டாங்க. அஞ்சாவது வீட்டுல பேர மட்டும் சொன்னேன்."

"நாய் எங்க வீட்டுல ஆகாது. பக்கத்து வீட்டுல மலாய்க்காரங்க இருக்காங்க, அவுங்களுக்கும் ஆகாது. வெளிய கொண்டு போ."

பக்கத்து வீட்டு மக்சிக்கை, அந்த மலாய்க்கார அம்மாவை, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயில் வந்த காரணத்தை எடுத்து வீசினேன், அவ்வளவுதான்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்கம்மா பாகான் டத்தோல அக்கா வீட்டுல இருக்கு" என்றான். அம்மாவுக்கும் "இருக்கு"தான், கவனியுங்கள். நான் ஏமாந்தது என் குற்றம் மட்டுமில்லை. "புள்ள பொறந்ததுலேருந்து அம்மா ஒரே பேச்சுக்கா. செவிட்டுப் பொண்ணால புள்ள வளக்க முடியாது, நான் கொண்டு போயிடறேன்னு. புள்ள கத்தி யாரும் எட்டிப் பாக்கலன்னு ஒரு தடவ தெரிஞ்சா போதும், தூக்கிக்கிட்டுப் போயிடும். நானும் லோரியில போயிடறேன், என்னன்னு தடுப்பேன்? இது இருக்கறதாலதான் புள்ள எங்ககிட்ட இருக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அவமானம் அந்தப் பாவத்தை விடப் பெரிதாக இருந்தது.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்லுவாங்க. நீ என்னடான்னா அதுக்குப் பெரிய உத்தியோகமே குடுத்து வெச்சிருக்க. புள்ள அழுதா போயிச் சொல்றதுக்கு ஒரு நாய் வேணுமா? பலகைக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி முழு மனுஷி இருக்கேன்ல? நான் சொல்றேன். நாய் போகட்டும், நீங்க இருங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

வேறு வழியில்லாமல் நாயை ஜெலாப்பாங்கில் லோரி நிறுத்துகிற கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். பாப்பா அழவில்லை. லோரி ரோட்டு முனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்து இரண்டு முறை தட்டவைத்தாள்.

"இப்படிக் கூப்புடுங்க" என்றாள். ஏற்ற இறக்கம் இல்லாத, தட்டையான குரல். "அது முட்டிக்குப் பின்னால மூக்கால இடிக்கும். நீங்க தட்டுங்க."

நாயின் வேலையை எனக்கு ஒப்படைத்தாள். கோபமில்லாமல், வேலைக்குப் புதிதாக வந்த ஆளுக்குக் காட்டுகிற மாதிரி.

முதல் நாள் பதினான்கு முறை. எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. குழந்தைக்குச் சீனி என்று பெயர். பெயரில்தான் இனிப்பு. அவன் தொட்டிலில் சிணுங்கினால் நான் அரிசியை அப்படியே போட்டுவிட்டு, முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்னால் குழாயடியில் துவைத்துக்கொண்டிருக்கும் பாப்பாவின் தோளைத் தட்ட வேண்டும். நான் திரும்பி வந்து அரிசியில் கை வைத்ததும் அவன் மறுபடியும் ஆரம்பிப்பான். நடுப்பலகையில் ஒரு கதவு வைக்காமல் போனாரே என்று செத்துப்போன மனிதரைத் திட்டினேன்.

இரண்டாம் நாள் ஒரு தந்திரம் செய்தேன். ஒரு நீளக் கயிற்றின் ஒரு முனையைப் பாப்பாவின் இடுப்பில் கட்டி, ஜன்னல் வழியாக மறுமுனையை என் நாற்காலியில் கட்டினேன். அழுகை கேட்டால் இழுப்பேன். அவள் துணி காயப்போட அந்தப் பக்கம் போனபோது என் நாற்காலியும் கூடப் போனது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. நான்காம் நாள் காய் வாங்கப் பாசாருக்குப் போகாமல், பிள்ளை அழுமோ என்று வெறும் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பாப்பா எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு முறை நான் தட்டும்போதும் திரும்பிப் பார்த்து, ஓடுமுன் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தாங்கினேன் என்றும் சொல்லலாம், வறட்டுக் கௌரவம் என்றும் சொல்லலாம்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. ஜெயபாலன் மலையில் இருந்தான். பிற்பகலில் ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி, நேயர்கள் கேட்ட பாட்டாகப் போடுகிற நேரம். நாலு நாளாக நான் ரேடியோவைத் தொடவில்லை. சீனி பால் குடித்துத் தூங்கிவிட்டான், ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டான் என்று கணக்குப் போட்டு, மெல்ல வைத்தேன். ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. மூன்றாவது என் கல்யாணக் காலத்துப் பாட்டு. கொஞ்சம் சத்தம் கூட்டினேன்.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேச வாயெடுத்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது. பாப்பாவின் குரல் இல்லை. ரேடியோவைத் திருகி அணைத்தேன். அப்போதுதான் குழந்தை அழுவதும் கேட்டது. அழுகை கூட இல்லை, தொண்டை கட்டிப்போன வெறும் காற்று.

சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்கூடத்தில் ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். கறுப்பாக, இறுக்கமான உடம்பு, காலில் பஸ் பயணத்தின் புழுதி. ஜெயபாலனின் அம்மா ராக்காயி. பேரனைப் பார்க்கப் பாகான் டத்தோவில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். சாரோங் துணி முறுக்கிக்கொண்டு குழந்தையின் ஒரு கால் அதில் மாட்டியிருந்தது. அவள் அதை விடுவித்துப் பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். காலில் துணி பதிந்த சிவப்புத் தடம். குழாயடியில் பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?" என்று ராக்காயி கேட்டாள்.

"வீட்டுக்காரி."

"பாத்தீங்களாம்மா? ரோட்டுலேருந்து கேக்குது எம் பேரன் சத்தம். இவ அங்க துணி தொவைக்கிறா. நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. அவ மேல எனக்குக் கோவமும் இல்ல. ஆண்டவன் அவளுக்குக் காதக் குடுக்கல, அவ என்னா செய்வா? ஆனா புள்ள செத்தா யாரு பதில் சொல்றது? நான் கொண்டு போறேன்."

நான் போய்ப் பாப்பாவின் தோளைத் தட்டினேன், இரண்டு முறை. அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. உள்ளே ஓடி வந்தவள், மாமியாரின் கையில் பிள்ளையையும், தரையில் அவள் விரித்துப்போட்ட துண்டில் பிள்ளையின் சட்டைகள் ஒவ்வொன்றாக விழுவதையும் பார்த்தாள். வாய்களைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் அவளுக்குப் புரிந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் வருவேன், அத்த. அழுதா வருவேன். இன்னிக்கி… தெரியல" என்று சொன்னதையே சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கே தெரியாது. தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாப்பாவுக்கு என் வாய் தெரிகிற இடத்தில் போய் நின்றேன்.

"அவ மேல தப்பில்ல. தப்பு எம்மேல. அவளுக்குப் புள்ள அழுவுறதச் சொல்ல ஒரு நாய் இருந்துச்சு. எங்க வீட்டுல நாய் ஆகாதுன்னு நான்தான் தொரத்திவிட்டேன். அது செஞ்ச வேலய நான் செய்றேன்னு வாக்குக் குடுத்தேன். அஞ்சே நாளு. இன்னிக்கிக் கோட்ட விட்டுட்டேன்."

ராக்காயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாயின் இடத்துக்கு வேலைக்கு வந்து அதையும் ஒழுங்காகச் செய்யாத ஒரு வீட்டுக்காரியை அவள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டாள்.

பாப்பா கேட்டாள்: "தூங்கிட்டீங்களா?"

"இல்ல. ரேடியோல பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் குத்தல் ஒரு துளியும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்: "நல்ல பாட்டா?"

என் ஐம்பத்திரண்டு வயசில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. அழுதுவிட்டேன்.

"ஒரு ராத்திரி தங்குங்க" என்று ராக்காயியிடம் கெஞ்சினேன். "நாயக் கூட்டிக்கிட்டு வாரேன். நாளைக்கிக் காலையில உங்க கண்ணால பாருங்க. அது சரிப்படாதுன்னா நானே உங்கள பஸ் ஏத்தி விடறேன்."

"நாய நம்பி ஒரு புள்ளயா?" என்றாள் ராக்காயி. ஆனாலும் இனிமேல் பாகான் டத்தோவுக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேர இருட்டிவிடும். பிள்ளையின் துணிகளை மூட்டையாக முடிச்சுப் போட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். குழந்தையைப் பாப்பாவிடம் பால் கொடுக்க மட்டும் தந்தாள்.

ஜெலாப்பாங் கொட்டகையில் அந்த நாய் ஒரு பழைய டயருக்குள் சுருண்டு கிடந்தது. சோறு காய்ந்துபோய் ஈ மொய்த்தது. ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று காவற்காரர் சொன்னார். என்னைப் பார்த்ததும் அதற்கு என் மேல் என்ன கோபம் இருந்ததோ, காட்டிக்கொள்ளவில்லை; எழுந்து வாலை ஆட்டியது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் விரட்டிவிட்டான். இரண்டு மைல், வீங்கிய முழங்காலோடு, கையில் கயிறு, கயிற்றில் மண்டோர். என் வீட்டுச் சட்டம் ரோடு முழுக்கத் தெரியும் என்பதால், கடைவாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள்.

பாதி வழியில் ஒரு சீனர் வீட்டில் குழந்தை அழுதது. நாய் சட்டென்று நின்றது. காது நிமிர்ந்தது. சுற்றிலும் பாப்பாவைத் தேடியது. அவள் இல்லையென்று கண்டதும் எனக்குப் பின்னால் வந்து, என் முழங்காலின் பின்பக்கம் மூக்கால் இடித்தது. வா, பிள்ளை அழுகிறது என்று.

"அது நம்ம புள்ள இல்லடா" என்றேன்.

அது நகரவில்லை. அந்த வீட்டுக்குள் யாரோ வந்து குழந்தையைத் தூக்கி, அழுகை நின்ற பிறகுதான் நடந்தது. இன்னும் இரண்டு வீட்டில் அதே மாதிரி. எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாளும் நான் போய் வந்தது வாக்கைக் காப்பாற்ற. அழுகிற பிள்ளையை நினைத்து அல்ல. இந்த ஜீவனுக்கு எந்த வீட்டுப் பிள்ளை அழுதாலும் கால் நிற்கிறது.

வேலியோரம் பக்கத்து வீட்டு மக்சிக் நின்றிருந்தாள். "வந்துவிட்டதா?" என்று மலாயில் கேட்டாள்.

"உங்களுக்குச் சங்கடம் இல்லையா?" என்றேன்.

"வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன? போன வாரம் முழுக்க நீ தட்டுத் தடுமாறி ஓடுகிற சத்தத்தில்தான் எனக்கு மத்தியானத் தூக்கமே போச்சு" என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறிய நேரம். பாப்பா பால் கொடுத்துச் சீனியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். நாய் தொட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. ராக்காயி தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் பின்வாசற்படியில்.

"அழுதா நான் தொட மாட்டேன்" என்றாள் ராக்காயி. "அவளே வரட்டும். பாக்குறேன்."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சீனி முனகினான், உதைத்தான், வாயைத் திறந்து வீறிட்டான். ராக்காயியின் இரண்டு கையும் தானாகத் தூக்கிக்கொண்டன. பல்லைக் கடித்து அவற்றை மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. நாய் அதற்குள் என்னைத் தாண்டிப் பின்வாசலில் இறங்கியிருந்தது. குரைக்கவில்லை. போய்ப் பாப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு இடி. பாப்பா வாளியை அப்படியே போட்டாள்; தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து பிள்ளையை அள்ளினாள். சீனி ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கிப்போனான்.

ராக்காயி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எனக்கு மூணு புள்ளைங்கம்மா. மூணையும் தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கற ஆயாக்கொட்டாயில போட்டுட்டுத்தான் மரம் வெட்டப் போவேன். நான் வெட்டுற மர நெர கொட்டாய்க்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அங்க அழுவுறதெல்லாம் கேக்கும். எது எம்புள்ள, எது அடுத்தவ புள்ளன்னு குரல வெச்சே தெரியும் எனக்கு. அவ்வளவு நல்ல காது. பால் எடுத்து முடியாம நெரைய விட்டு எறங்க முடியாது. கேட்டுக்கிட்டே வெட்டுவேன். மாரு கட்டிக்கிட்டு ரவிக்க நனையும், கேட்டுக்கிட்டே வெட்டுவேன். ஒரு தடவ கூட நான் போவலம்மா. இவளுக்குக் காதே கேக்காது. இவ வந்துட்டாளே."

பாப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராக்காயி சுவரைப் பார்த்துப் பேசியதால் அவளுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அத்த என்னா சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவள் முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "புள்ள… உங்கிட்டயே… இருக்கட்டும்னு… சொன்னாங்க."

ராக்காயி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கையை நீட்டிச் சுவரோரம் கிடந்த மூட்டையை இழுத்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.